மென்மரமும் கரிசல் நாட்டு அடுப்பும்

விறகைப் பற்றிக் கரிசல் நாட்டு ஜனங்களுக்குள்ள அபிப்பிராயம் மிகவும் உறுதியானது. வைரம் பாய்ந்த கட்டையே விறகு, கனமில்லாத கட்டை காசுக்கு ஆகாது என்பது கோவில்பட்டியிலும், அதைச் சுற்றி எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் என்று நாலா திசையிலும் விரிந்து கிடக்கும் மானாவாரிப் பூமியிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் தீர்ப்பு. விறகுக்கடைக்கு வருகிறவர் ஒரு கட்டையைக் கையில் தூக்கிப் பார்ப்பார். இன்னொரு கட்டையால் அதைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் நிறுக்கச் சொல்லுவார், பொத்தென்று கேட்டால் ஒதுக்கிவிடுவார். முருங்கையும் இலவும் வாதநாராயணனும் வெட்டுண்டு தெருவோரம் கிடந்தாலும், அடுப்புக்கென்று அவற்றை எடுத்துப்போக ஆள் வருவது அபூர்வம். இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது, எந்த இடத்தில் அது அநியாயமாகிறது என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உலகத்து மென்மரங்களில் பேர்பெற்ற ஃபர் இமயமலைச் சாரலில் வளர்வது. அதை நாம் கண்ணால் பார்ப்பதுகூட அரிது. ஆயினும் விசாரணைக்கு ஏற்ற களம் கோவில்பட்டிதான். மென்மரத்தைக் கொண்டு நெருப்பு செய்து, அந்த நெருப்பை ஊரூராக விற்றுப் பிழைக்கும் ஊர்கள் பாரத தேசத்தில் இதைப்போல் மிகச் சிலவே உள்ளன.

ஃபரும் ஸ்ப்ரூஸும் பைனும் அடர்ந்து வளரும் வடதேசங்களிலும் இதே வழக்கு வேறொரு விதமாக நடந்துவருகிறது. ஊசியிலை மரம் படபடவென்று வெடித்துப் பொறி கக்கும், சீக்கிரம் எரிந்து ஓயும், புகைபோக்கிக்குள் கீல்போலக் கரும்பிசினைப் படியவைத்து வீட்டுக்கே தீ வைத்துவிடும் என்பது அங்குள்ள பழங்குற்றச்சாட்டு. பின்லாந்துக்காரர் கணப்புக்குப் பூர்ஜ மரத்தையே விரும்புவர். ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில், டக்ளஸ் ஃபர் என்று பெயர்பெற்ற மரமே (தாவர சாஸ்திரத்தின்படி அது மெய்யான ஃபர் அன்று) வீட்டுக் கணப்புகளில் மிகுதியாக எரிகிறது. அதை எரிப்பவர்கள் எந்தக் குறையும் சொல்வதில்லை. கரும்பிசினைப் பற்றிய குற்றச்சாட்டும் ஆராய்ச்சிக்கு நிற்கவில்லை. மரத்தின் பிசின் காரணமன்று. ஈரமான விறகைக் காற்றை அடைத்துப் புகையவிட்டு எரிக்கும்போது, முழுதும் எரியாத புகை குளிர்ந்த குழாய்ச் சுவரில் பட்டு உறைவதே காரணம். ஈர விறகானால் வைர மரமும் இதே தீங்கைச் செய்யும். நன்றாகக் காய்ந்ததானால் ஃபரும் செய்யாது. வெடிப்பது மட்டும் மெய். மரத்தினுள் அடைபட்ட பிசினும் ஈரமும் ஆவியாகி வழி தேடும்போது கட்டை வெடிக்கிறது.

இந்தியாவில் ஃபர் மரம் இமயமலையில் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்துக்கு மேலேதான் இயற்கையாக வளர்கிறது. தென்னாட்டில் இயற்கையாக வளரும் ஊசியிலை வர்க்கத்து மரம் ஒன்றே ஒன்று. அது அகத்தியமலை முதலான மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில், அகன்ற இலையோடு, ஊசியிலை வர்க்கம் என்றே தெரியாதபடி நிற்கிறது. கொடைக்கானலிலும் உதகையிலும் நாம் காணும் பைன் தோப்புகள் மனிதர் நட்டவை. ஆனாலும் ஃபர் கரிசல் நாட்டுக்கு வராமல் இருக்கவில்லை. 1980களின் பாதி வரையில் இமாச்சலத்து ஆப்பிள் பெரும்பாலும் ஃபர், ஸ்ப்ரூஸ் பலகைகளால் அடித்த பெட்டிகளில்தான் நாடெங்கும் சென்றது. பழம் விற்றபின் பெட்டியை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. சந்தைகளில் உடைபட்ட அந்த வெள்ளைப் பலகைகள், அவை எந்த மலையில் எவ்வளவு ஆண்டு நின்ற மரம் என்பது தெரியாதவர்களின் அடுப்புகளில் ஒரு காப்பித்தண்ணீர் கொதிக்கிற நேரம் எரிந்து தீர்ந்தன. பெட்டிக்காக ஆண்டுதோறும் அழிந்த காட்டை எண்ணி அட்டைப்பெட்டிக்கு மாறியது மிகச் சரியான காரியம்.

ஊசியிலை மரம்போல் தோன்றி நம்மை மயக்கும் சவுக்கைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சவுக்கின் ஊசி ஒன்றைப் பறித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், அது இலையன்று, கணுக்கணுவாகப் பிரியும் மெல்லிய பச்சைக் கொப்பு என்பதும், ஒவ்வொரு கணுவிலும் செதில்போன்ற நுண்ணிய இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருப்பதும் விளங்கும். ஃபருக்கும் சவுக்குக்கும் எந்த உறவும் இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டிச் சென்னைக் கடற்கரையோரம் தோப்புத் தோப்பாக வளர்த்த அந்த மரம், உலகத்திலேயே உயர்ந்த விறகுகளில் ஒன்று. தோற்றத்தைக் கொண்டு விறகின் குணத்தைத் தீர்மானிப்பது கூடாது என்பதற்குச் சவுக்கு போதிய சாட்சி.

இனி மரத்தினுள் இருக்கும் உஷ்ணத்தைக் கவனிப்போம். உலகத்து மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பதார்த்தங்களால் ஆனவை. ஆகவே, ஈரம் முழுதும் நீக்கிய கட்டை எதுவானாலும், ஒரு கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி உஷ்ணம் தரும். இனத்துக்கு இனம் காணும் ஏற்றத்தாழ்வு சொற்பம். அந்தச் சொற்ப வித்தியாசத்திலும் முன்னே நிற்பது ஊசியிலை மரமேயாகும். லிக்னின் என்னும் கட்டைச்சத்தும் பிசினும் அதில் சற்று அதிகம். வித்தியாசமெல்லாம் பருமனில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் ஃபர் கட்டை காய்ந்தபின் ஏறத்தாழ 450 கிலோ. அதே அளவு சீமைக்கருவேல் 800 கிலோவைத் தாண்டும். கட்டைக்குக் கட்டை பார்த்தால் சீமைக்கருவேல் இரட்டிப்புப் பலம் உடையது. எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் ஒன்றே.

இந்த உண்மையிலிருந்து கரிசல் நாட்டுக்குரிய ஒரு முடிவு பிறக்கிறது. மேலை நாடுகளில் விறகை அடுக்கி, அடுக்கின் நீள அகல உயரம் பார்த்து விற்பது வழக்கமாதலால், அங்கே மென்மரத்தை வாங்குபவன் மெய்யாகவே நஷ்டமடைகிறான். நம் ஊர் விறகுக்கடையிலோ முன்பு தூக்குக் கணக்கிலும் இப்போது கிலோக் கணக்கிலும் நிறுத்தே விற்கிறார்கள். நிறுத்து விற்கும் இடத்தில் மென்மரம் வாங்கியவர் ஏமாறுவதற்கு வழியே இல்லை. அவர் கொடுத்த காசுக்குரிய உஷ்ணம் அவருக்கு வந்துவிடுகிறது. தராசு ஏமாற்றுவது ஈரத்தில்தான். பாதி எடை தண்ணீராக உள்ள பச்சைக் கட்டையை வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார். வாங்கியபின் அந்தத் தண்ணீரை ஆவியாக்கக் கிலோவுக்குச் சுமார் 600 கிலோகலோரி வீதம் அடுப்பிலும் செலவழிக்கிறார். வெயிலில் காய்ந்த விறகு ஒரு கிலோ 3,500 கிலோகலோரி தருமென்றால், பச்சை விறகு ஒரு கிலோ தருவது அதில் பாதிக்குச் சற்றே கூடுதல். கட்டையின் கனத்தைத் தூக்கிப் பார்த்து மெச்சுகிறவர், அந்தக் கனத்தில் வைரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்தறிய முடியாமல் இருப்பதுதான் இவ்விஷயத்தில் உள்ள பெரிய அபாயம். தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்கும் வழக்கம் இதைவிடப் புத்திசாலித்தனமானது. காய்ந்த கட்டைதான் கணீரென்னும்.

மென்மரத்துக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. அது துளைகள் நிறைந்தது. பிளந்து போட்டால் சீக்கிரம் காயும். பங்குனி பிறந்ததும் தரை பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் வெயிலில், வைரக் கட்டை உள்ளீரம் வற்றப் பல மாதம் பிடிக்க, பிளந்த மென்கட்டை சில வாரங்களில் அடுப்புக்குத் தயாராகிவிடும்.

ஆனால் சமைக்கிறவருக்கு உஷ்ணத்தின் மொத்தக் கணக்கு மட்டும் போதாது. நெருப்புக்குப் பற்றுதல், சுவாலை, கங்கு என்று மூன்று பருவங்கள் உண்டு. கட்டை சூடேறும்போது அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகப் பிரிந்து சுவாலையாக எரிகிறது. எஞ்சியது கங்காகி நின்று கனல்கிறது. மென்மரம் முதலிரண்டு பருவங்களில் வல்லது. வாயு சட்டென்று வெளியேறி நீண்ட சுவாலை எழும். கங்கு அதற்கு வாய்ப்பதில்லை. கரி லேசானது, விரைவில் சாம்பலாகும். வைர மரம் பற்றுவதற்குச் சோம்பும். பற்றியபின் கங்காகி நெடுநேரம் நிற்கும். உலையை விரைவில் கொதிக்கவைக்கச் சுவாலை வேண்டும்; கொதித்ததை அமைதியாக வேகவைக்கக் கங்கு வேண்டும். மென்மரத்தைக் கொண்டே முழுச் சமையலும் செய்வதானால், அடுப்பின் முன்னிருந்து எழுந்திருக்காமல் கட்டை தள்ளிக்கொண்டே இருக்கவேண்டியதாகும். காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பெண்ணுக்கு அந்த அவகாசம் ஏது? வைரக் கட்டையின்மேல் உள்ள பற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

கரிசல் பூமி மரத்துக்கு இணக்கமானதன்று. மழைக்காலத்தில் களியாக இறுகித் தண்ணீரை வடியவிடாது. கோடையில் ஆழமாக வெடித்து இளவேரை அறுத்துவிடும். ஊருக்கருகே வேம்பும் புளியும், கண்மாய்க் கரையில் கருவேலும், பொட்டலில் குடை விரித்தாற்போன்ற உடையும், பனையும் தவிர, பெரிய மரங்களைப் புஞ்சைக்காட்டில் காண்பது அரிது. 1901-ல் கோவில்பட்டியில் தோன்றிய விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இந்த மண்ணில் பருத்தியையும் சோளத்தையும் கம்பையும் எப்படி விளைவிப்பது என்று நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. இந்நாட்டு அடுப்பும் அந்தப் பயிர்களைக் கொண்டே நெடுங்காலம் எரிந்தது. சித்திரை, வைகாசியில் பருத்திமார் பிடுங்கிக் கட்டி வீட்டோரம் படப்பாக அடுக்கிவைத்தால், அடுத்த மாசூல் வரையில் அதுதான் விறகு. துவரைமார், காவோலை, பனைமட்டை, விராட்டி எல்லாம் அதற்குத் துணை. பருத்திமாரின் ஸ்வபாவம் மென்மரத்தின் ஸ்வபாவமே: நொடியில் பற்றும், குபீரென்று எரியும், கங்கு நில்லாது. அந்தக் குறையை விராட்டி நிரப்பிற்று. மார் சுவாலையைக் கொடுக்க, விராட்டி கனலைக் காத்தது. இரண்டையும் எப்போது எந்த அளவில் சேர்ப்பது என்பதைக் கரிசல் நாட்டுப் பெண்கள் ஒரு சாஸ்திரமாகவே அறிந்திருந்தார்கள். மென்மரத்தை எரிக்கத் தெரியாத ஜனங்கள் அல்லர் நாம்.

அந்தச் சாஸ்திரத்தை மறக்கச் செய்தது சீமைக்கருவேல். 1877-ஐ ஒட்டி அன்றைய சென்னை ராஜதானியின் கடப்பைப் பகுதியில் விதைத்து வளர்க்கப்பட்ட அந்த அமெரிக்க மரம், விறகுப் பஞ்சம் தீர்க்கும் என்ற நல்லெண்ணத்தோடு நாடெங்கும் பரப்பப்பட்டு, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் கண்மாயையும் தரிசையும் ஓடையையும் தன்வசமாக்கிக்கொண்டது. விறகு என்ற முறையில் அதற்கு நிகர் இல்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கும், கங்கு பாறைபோல் நிற்கும். விளாத்திகுளம் வட்டாரத்திலும் அதற்குக் கிழக்கே ராமநாதபுரச் சீமையிலும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு மூட்டத்தில் போகிறது. சுவாலையாக எரிந்திருக்கவேண்டிய பாகமெல்லாம் ஆகாயத்தில் புகையாகக் கலந்துவிடுகிறது.

கரியிலும் மென்மரத்துக்கு ஓர் இடம் உண்டு. கொல்லுலைக்குக் கனத்த கரி வேண்டும். வெடிமருந்துக்கோ லேசான, துளை மிகுந்த, எளிதில் பொடியாகும் கரி வேண்டும். மேல்நாட்டார் அதற்கு வில்லோ மரத்தைத் தேடினார்கள். நம் நாட்டில் எருக்கங்கட்டையைக் கரியாக்கினார்கள். அடுப்புக்கு உதவாது என்று எவரும் தொடாத எருக்கு அங்கே உயர்ந்த சரக்காயிற்று.

கோவில்பட்டியின் மெய்யான மென்மரக் கதை தீக்குச்சியில் இருக்கிறது. 1922-ல் அயல்நாட்டுத் தீப்பெட்டிமேல் அரசாங்கம் கனத்த இறக்குமதி வரி விதித்த காலத்தில், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பினார்கள். சுவீடன் தேசத்தாரின் விம்கோ நிறுவனமும் அதே காலத்தில் இந்தியாவில் கால்வைத்தது. மழை குறைந்து காற்று உலர்ந்த கரிசல் பிரதேசம் குச்சி காயவைக்கவும் மருந்து உலர்த்தவும் வாய்ப்பாக இருந்தமையால், தொழில் சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவிற்று. சுவீடனில் இதற்கு உகந்த மரம் ஆஸ்பென் என்னும் காட்டரசு வகை. நமக்கு அது ஏது? இலவும், மலையாளக் கரையில் மட்டி என்று வழங்கும் பெருமர வகையும், பிற்காலத்தில் பீலிவாகையும் அந்த இடத்தை நிரப்பின. இவை அகன்ற இலை உடையவை. தாவர சாஸ்திரிகளின் பிரிவுப்படி இவை வன்மர வர்க்கமே. ஆனால் நெருப்பு அந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை. கனத்தையும் துளையையும் ஈரத்தையும்தான் பார்க்கிறது.

ஒரு குச்சியை எடுத்து உற்றுப் பார்க்கலாம். ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் கனம். பச்சை மரத்தைத் துண்டம் போட்டுக் கடைசலில் ஏற்றி, சுற்றச் சுற்ற நீண்ட தகடாக உரித்து, தகட்டை வெட்டி, காயவைத்து, சிம்பு போக மெருகிட்டு எடுத்த குச்சி அது. நரம்பு நேராக ஓடாவிட்டால் உரசும்போது முறிந்து, எரியும் தலை துணியில் விழும். கேரளத்துக் கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் குச்சியைப் பெண்கள் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்குவார்கள். நுனியை முதலில் உருக்கிய மெழுகில் தோய்ப்பார்கள். பிறகுதான் மருந்தில் முக்குவார்கள். மருந்து எரிவது கண்ணிமைக்கும் நேரம். அந்த நொடிக்குள் நெருப்பு மரத்துக்குத் தாவவேண்டும். மரத்தின் துளைகளில் ஊறிய மெழுகே அதற்குப் பாலமாகிறது. வைர மரத்தில் குச்சி சீவினால் மெழுகு உள்ளே இறங்காது, மருந்து எரிந்து அணையும், குச்சி கறுத்து நிற்கும். கங்கு நில்லாமை என்று அடுப்படியில் நாம் குறை சொல்லும் அதே குணம் இங்கே உயிரைக் காக்கும் குணமாகிறது. ஊதி எறிந்த குச்சி மீண்டும் கனன்றால் ஆபத்தல்லவா? அதற்காகவே சிறந்த ஆலைகளில் குச்சியைப் பாஸ்பேட் கரைசலில் நனைத்து, எஞ்சிய கனலும் நில்லாதபடி செய்கிறார்கள். அரணி கடையும் நாளிலிருந்தே மனிதன் நெருப்பைப் பிறப்பிக்க ஒரு மரத்தையும் பேணி வளர்க்க இன்னொரு மரத்தையும் நாடி வந்திருக்கிறான். வன்னியின்மேல் முளைத்த அரசங்கட்டையில் அரணி செய்தவர்கள் வேள்விக்குப் பலவகைச் சமித்தையும் தேடியது அதனால்தான்.

ஆகவே, இவ்வூர் தன் அடுப்பைப் பற்றவைக்கும் மரத்தை மலைக்கு அப்பாலிருந்து வாங்குகிறது. நின்று எரியும் மரத்தைத் தன் தரிசில் வெட்டிக்கொள்கிறது. கடலைமிட்டாய்ப் பாகு காய்ச்சும் அடுப்பில் இரண்டும் சேர்ந்து வேலை செய்வதைக் காணலாம். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்துக்கு வெல்லப்பாகின் பதமே உயிர். கொதி வரும்வரை சுவாலை எழும்பவேண்டும், பதம் நெருங்கியதும் கட்டையை வெளியே இழுத்துக் கங்கின் சூட்டில் விடவேண்டும். சிறு சிராய்களை முன்னே இட்டு வைரக் கட்டையைப் பின்னே தள்ளுவது அங்கே யாரும் சொல்லிக்கொடுத்து வருவதன்று.

இன்று ஊசியிலை மரம் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்துகொண்டிருக்கிறது. பலகையாக வருவது தச்சுக்குப் போகிறது. யந்திரங்களையும் சரக்குகளையும் தாங்கிவரும் பைன், ஸ்ப்ரூஸ் சட்டங்கள் பழைய சாமான் கடைகள் வழியாகத் தேநீர்க்கடை அடுப்புக்கு வருகின்றன. ஆணி நீக்கிப் பிளந்தால் இவை மிகச் சிறந்த சிராய். ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். அயல்நாட்டுச் சட்டத்தின் பக்கவாட்டில் கதிர்போன்ற ஒரு சின்னமும் சில ஆங்கில எழுத்துகளும் சூடுபோட்டதுபோல் பதிந்திருக்கும். எச்.டி. என்றிருந்தால் கட்டையின் உள்நடுவும் 56 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் இருக்கும்படி சூடுகாட்டிப் பூச்சியைக் கொன்றது, அடுப்பில் இடலாம். எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைடு என்னும் விஷவாயுவில் வைத்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. வர்ணம் பூசியதும், பச்சை நிறம் பாய்ந்த மருந்திட்ட பலகையும் அவ்வாறே. பச்சை நிறம் தாமிரத்தினால் வருவது. அத்துடன் பாஷாணமும் கலந்திருக்கக்கூடும். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அது தங்கும். இந்தப் பலகைகளை வாங்கி எரிப்பவர்கள் பெரும்பாலும் அந்த எழுத்துகளை வாசிக்க வாய்ப்பில்லாதவர்கள் என்பதே எனக்குக் கவலை தருகிறது. பழைய சாமான் கடைக்காரர்களே பிரித்துவைப்பதுதான் நடக்கக்கூடிய வழி.

சீமைக்கருவேலை அகற்றவேண்டும் என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்றது. 2017-ன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரறுக்கக் கண்டிப்பான உத்தரவுகள் இட்டதும், சில மாதங்களில் அவற்றுக்கு இடைக்காலத் தடை வந்ததும் பலர் நினைவிலும் இருக்கும். எரிவாயு உருளை 2016-க்குப்பின் ஏழை வீடுகளிலும் நுழைந்துவிட்டது மெய்யே. ஆயினும் வெந்நீருக்கும், மாட்டுத்தீவனத்துக்கும், உருளை தீர்ந்த நாட்களுக்கும் விறகடுப்பு கொல்லைப்புறத்தில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அகற்றிய இடத்தில் எதை நடுவது என்ற கேள்விக்கு வேம்பும் கருவேலும் உடையும் இயல்பான விடைகள். அவற்றோடு பெருமரத்தையும் சேர்க்கவேண்டும் என்பது என் துணிபு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி தீக்குச்சிக்கென்று அதை உழவர்களிடம் பரப்பி வருகிறது; வறட்சியைத் தாங்கும், விரைவில் வளரும், தழையை ஆடுகள் விரும்பித் தின்னும். தண்ணீர் தேங்கும் களியில் அது நில்லாது. ஆதலால் நடுக்கரிசலில் வைப்பது வீண். கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலைப் பக்கம் செவலும் சரளையும் கலந்து வரும் புஞ்சைகளிலும், கரிசலில் நீர் வடியும் உயர்ந்த பொழிகளிலும் வைக்கலாம். அடிமரம் கடைசலுக்குப் போய்க் குச்சியாகும். உரிக்க முடியாத நடுக்கட்டையும், கொப்பும், சிம்பும் அதே ஊரில் தங்கும். பிளந்து ஒரு கோடை வெயிலில் காயப்போட்டால், மூட்டத்துக்கும் கங்குக்கும் உதவாவிட்டாலும், விடியற்காலத்தில் உலை ஏற்றும் அடுப்புக்கு அதைவிட விரைவாகப் பற்றும் விறகு வேண்டியதில்லை.